27 நாளும் நார்மல், 33 நாளும் நார்மல்: பெகு தங்கச்சிக்கு ஒரு பதில்

இந்த தடவை பதில் எழுத எடுத்தது பர்மால பெகு பக்கத்துல இருந்து வந்த லெட்டர். நாலு பக்கம், கையால எழுதி, போட்டோ புடிச்சு வைபர்ல அனுப்பியிருந்தாங்க, மூணாவது பக்கம் கரண்ட் போனப்புறம் மெழுகுவத்தி வெளிச்சத்துல எடுத்தது போல, பாதி படிக்கவே முடியல, திரும்ப கேட்டு வாங்கினேன். பேரு வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அதனால சில விவரத்த மாத்தியிருக்கேன், நாள் கணக்கு மட்டும் அவங்க எழுதுனது அப்படியே இருக்கு, அத மாத்துனா இந்த பதிலே வேஸ்ட்.

சுருக்கமா அவங்க சொன்னது இது. வயசு 29, வீட்டோட சேந்த மாதிரி சின்ன தையல் கடை. கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம், குழந்தை வேணும்னு முயற்சி பண்ண ஆரம்பிச்சு 9 மாசம். வீட்டுக்காரர் ரங்கூன் மண்டலை லைன்ல சரக்கு லாரி ஓட்டுறாரு, வாரத்துல ரெண்டு ராத்திரி, மிஞ்சிப்போனா மூணு ராத்திரி தான் வீட்டுல. போன்ல ஒரு ஆப் போட்டு பீரியட்ஸ் தேதி குறிச்சிட்டு வர்றாங்க. கடைசி 9 தடவை எத்தன நாளுக்கு ஒருக்கா வந்துச்சுன்னு எழுதியிருக்காங்க: 28, 31, 27, 32, 29, 39, 30, 27, 33. "ஒரு மாசம் மாதிரி ஒரு மாசம் இல்ல சயாமா, எனக்குள்ள ஏதோ கோளாறு இருக்கு"ன்னு அடிக்கோடு போட்டு எழுதியிருக்காங்க. (சயாமான்னா டாக்டரம்மா, என்னத் தான் சொல்றாங்க.)

மாமியார் சொல்றது, பௌர்ணமிக்கு பௌர்ணமி வரணும், உனக்கு ரத்தம் கம்மி அதான் தள்ளுது. பக்கத்து வீட்டு பர்மா அம்மா ஒரு பாட்டில் த்வே-ஸே, அதாவது பர்மா நாட்டு மருந்து, குடுத்துட்டு போயிருக்காங்க, குடிச்சா ரத்தம் சுத்தமாகி நாள் ஒழுங்காயிடும்னு. இதுக்கு நடுவுல போன மாசம் ஒரு கிளினிக்ல 21-ம் நாள் ரத்தம் எடுத்து புரோஜெஸ்டிரோன் பாத்திருக்காங்க, 1.4 வந்திருக்கு, "உனக்கு முட்டையே வரல"ன்னு சொல்லி முட்டை வளர்ற மாத்திரை எழுதி குடுத்துட்டாங்க. சீட்டு கையில இருக்கு, இன்னும் வாங்கல. மாரியம்மன் கோயில் தீமிதி சமயத்துல பீரியட்ஸ தள்ளிப்போட மாத்திரை போட்டதால தான் எல்லாம் கெட்டுப்போச்சோன்னு வேற பயம். கடைசி பக்கத்துல ரொம்ப சின்ன எழுத்துல, அவரையும் டெஸ்ட் எடுக்க சொல்லலாமா, சொன்னா வீட்டுல என்ன நினைப்பாங்கன்னு ஒரு கேள்வி.

தங்கச்சி, உங்க ரெண்டாவது பக்கத்துல "ஒழுங்கா வர்றவளுக்கு தான் ஒழுங்கா நிக்கும்னு மாமி சொல்றாங்க"ன்னு ஒரு வரி இருக்கு. அத முதல்ல எடுத்து ஓரமா வைப்போம், ஏன்னா நீங்க கேட்ட எல்லா கேள்வியும் அந்த ஒரு வரில இருந்து தான் கிளம்புது. உங்களுக்கு ஒழுங்கா தான் வருது. ஒழுங்குன்னா என்னன்னு உங்களுக்கு சொல்லிக்குடுத்தவங்க தான் தப்பா சொல்லிக்குடுத்துட்டாங்க.

உங்க நம்பர்கள பாப்போம்

முதல்ல அந்த 39-அ ஒரு கோடு போட்டு அடிச்சிருங்க. அது உங்க உடம்பு போட்ட கணக்கு இல்ல, மாத்திரை போட்ட கணக்கு. தீமிதிக்காக நீங்க போட்டது நோரெதிஸ்டிரோன், அத முழுங்குற வரைக்கும் பீரியட்ஸ் வராது, நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல வந்துரும், உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கு. அடுத்த மாசமே 30-க்கு வந்துட்டீங்க பாருங்க, அதுவே சாட்சி, ஒண்ணும் கெட்டுப்போகல.

மீதி எட்டையும் பாத்தா கம்மி 27, கூட 33. நடுவுல வித்தியாசம் 6 நாள். உலகம் பூரா இருக்கிற மகப்பேறு டாக்டர்கள் சங்கங்களோட கூட்டமைப்பு ஒண்ணு இருக்கு, ஃபிகோன்னு பேரு, அவங்க 2018-ல திருத்தி சொன்ன கணக்குப்படி 24 நாள்ல இருந்து 38 நாள் வரைக்கும் எப்போ வந்தாலும் நார்மல். 26 வயசுல இருந்து 41 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு ரொம்ப கம்மியான மாசத்துக்கும் ரொம்ப கூடுன மாசத்துக்கும் 7 நாள் வரை வித்தியாசம் இருந்தா அது ஒழுங்கான பீரியட்ஸ் தான். அதுக்கு சின்ன வயசு புள்ளைங்களுக்கும், 42-க்கு மேல உள்ளவங்களுக்கும் 9 நாள் வரை விட்டுக்குடுக்கிறாங்க. உங்களோடது 6. பழைய புத்தகத்துல 21-ல இருந்து 35 வரைன்னு இருக்கும், அந்த கணக்குலயும் நீங்க உள்ள தான் இருக்கீங்க.

அப்போ இந்த 28 எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. சராசரிக்கு பக்கத்துல இருக்கிற ஒரு வசதியான நம்பர், நாலு வாரத்துக்கு சரியா வருது, அதனால பாடப்புத்தகத்துல ஏறி, கருத்தடை மாத்திரை அட்டைல ஏறி, இப்போ ஆப்ல வந்து உக்காந்திருக்கு. 2019-ல வந்த ஒரு ஆய்வுல 6 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேல பீரியட்ஸ் சுற்ற எடுத்து கணக்கு பாத்தாங்க, சராசரி 29.3 நாள், சொல்லி வச்ச மாதிரி 28 நாள்ல முடிஞ்சது 100-க்கு 13 தான். மீதி 87 சுத்துக்கும் கோளாறுன்னு சொல்ல முடியுமா?

மாமியார் சொல்ற பௌர்ணமி கணக்கையும் விட்டுற வேணாம், எனக்கு அது புடிச்சிருந்துச்சு. பௌர்ணமிக்கு பௌர்ணமி 29 அரை நாள். உங்க எட்டு மாச சராசரிய கூட்டிப் பாத்தேன், 29.6. சராசரில மாமியார் ஜெயிச்சுட்டாங்க! ஆனா சராசரி வேற, ஒவ்வொரு மாசமும் வேற. பர்மா மாசமே ஒண்ணு 29 நாள், அடுத்தது 30 நாள்னு மாறி மாறி தான் போகுது, நம்ம தமிழ் மாசம் 29 நாள்லயும் வரும் 32 நாள்லயும் வரும். காலண்டருக்கே குடுக்கிற சலுகைய மருமகளுக்கும் கொஞ்சம் குடுக்கலாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க, இல்ல சொல்லாதீங்க, உங்க வீட்டு நிலவரம் உங்களுக்கு தான் தெரியும்.

நாள் எங்க கூடுது, எங்க குறையுது

இது தான் நான் முக்கியமா சொல்ல வர்றது, கொஞ்சம் நிதானமா படிங்க. ஒரு சுத்துல ரெண்டு பாதி இருக்கு. பீரியட்ஸ் வந்த நாள்ல இருந்து முட்டை வெளிய வர்ற வரைக்கும் ஒரு பாதி, முட்டை வந்த நாள்ல இருந்து அடுத்த பீரியட்ஸ் வரைக்கும் இன்னொரு பாதி. நாள் கூடுறதும் குறையுறதும் பெரும்பாலும் முதல் பாதில தான். ரெண்டாவது பாதி ஏறக்குறைய ஒரே அளவு, நிறைய பேருக்கு 12-ல இருந்து 14 நாள், ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும்.

இட்லி மாவு மாதிரி வச்சுக்கோங்க. மாவு புளிக்கிற நேரம் நம்ம கையில இல்ல, சித்திரை வெயில்ல ஆறு மணி நேரத்துல பொங்கி வழியும், மார்கழில ராத்திரி பூரா வச்சாலும் அப்படியே கிடக்கும். ஆனா ஊத்தி சட்டில வச்சுட்டா எல்லா மாசமும் பத்து பன்னெண்டு நிமிஷம் தான். முட்டை பக்குவமாகுறது புளிக்கிற மாதிரி. காய்ச்சல் வந்தாலும், தூக்கம் கெட்டாலும், சாப்பாடு சரியில்லன்னாலும், மனசு கஷ்டமா இருந்தாலும், சில நேரம் ஒரு காரணமும் இல்லாமலும் நாலு நாள் முன்ன பின்ன போகும். முட்டை வந்துட்டா அப்புறம் கடிகாரம் தான்.

அதனால முட்டை வர்ற நாள முன்னாடி இருந்து எண்ணக்கூடாது, பின்னாடி இருந்து எண்ணணும். இது ஒண்ணும் புதுசு இல்ல, ஜப்பான்ல ஒகினோ, ஆஸ்திரியால க்னாஸ்னு ரெண்டு டாக்டருங்க 1920-கள்லயே தனித்தனியா கண்டுபுடிச்சு சொன்னது தான், அடுத்த பீரியட்ஸுக்கு ஏறக்குறைய ரெண்டு வாரம் முந்தி தான் முட்டை வருதுன்னு. நூறு வருஷம் ஆச்சு, இன்னும் எல்லாரும் "14-ம் நாள், 14-ம் நாள்"னு தான் சொல்லிட்டு இருக்கோம்.

ஆப் வச்ச ஆப்பு

உங்க ஆப் எல்லா மாசமும் 14-ம் நாள்ல ஒரு பூ படம் காட்டுது, அன்னைக்குன்னு பாத்து வீட்டுக்காரர லீவு போட சொல்றீங்க, அதுக்கு முந்தி ஒரு வாரம் "சேத்து வைக்கணும்"னு ஒதுங்கி இருக்கீங்கன்னு எழுதியிருக்கீங்க. இப்போ உங்க நம்பரையே வச்சு பின்னாடி இருந்து எண்ணிப் பாருங்க. 27 நாள் வந்த மாசத்துல முட்டை 13-ம் நாள் வாக்குல வந்திருக்கும். வந்த முட்டைக்கு ஆயுசு 12 மணி நேரத்துல இருந்து ஒரு நாள் வரை தான். நீங்க 14-ம் நாள் ராத்திரி லீவு போட்டு காத்திருந்தப்போ அது போயிருக்கும். 33 நாள் வந்த மாசத்துல முட்டை 19-ம் நாள் வாக்குல. 14-ம் நாளுக்கும் அதுக்கும் அஞ்சு நாள் இடைவெளி, விந்தணு உள்ள அஞ்சு நாள் வரை தாக்குப்புடிக்கும்னாலும் அது கடைசி எல்லை. அதே 14-ம் நாள், ஒரு மாசம் லேட்டு, ஒரு மாசம் ரொம்ப சீக்கிரம்.

அதனால 9 மாசமா முயற்சி பண்றோம், ஒண்ணும் நடக்கலன்னு நீங்க எழுதுனத நான் அப்படியே ஒத்துக்க மாட்டேன். அந்த ஒம்பதுல சரியான நாள்ல பட்டது எத்தன மாசம்னு பாத்தா பாதி தேறுமான்னே சந்தேகம், தீமிதி மாசம் அவரு மண்டலைல இருந்து வரவே இல்லன்னு வேற எழுதியிருக்கீங்க.

கர்ப்பம் நிக்கிற நாள் மொத்தம் ஆறு, முட்டை வர்ற நாளும் அதுக்கு முந்தின அஞ்சு நாளும். 1995-ல அமெரிக்கால 221 பொம்பளைங்கள வச்சு நடத்துன ஆய்வுல தெளிவா தெரிஞ்சது இது. அதே ஆளுங்க 2000-ல இன்னொண்ணு சொன்னாங்க, இந்த ஆறு நாளும் 10-ம் நாளுக்கும் 17-ம் நாளுக்கும் நடுவுல மொத்தமா அடங்குறது 100-ல 30 பேருக்கு தான்னு. அந்த ஆய்வுல இருந்தவங்கள்ல நிறைய பேரு ஒழுங்கா மாசா மாசம் வர்றவங்க தான்.

21-ம் நாள் டெஸ்ட்டு

உங்க ரிப்போர்ட்ட பாத்து எனக்கு கொஞ்சம் கோவம் வந்துச்சு, உங்க மேல இல்ல. புரோஜெஸ்டிரோன் முட்டை வந்தப்புறம் ஏறி, ஒரு வாரத்துல உச்சிக்கு போற ஹார்மோன். அதனால அடுத்த பீரியட்ஸுக்கு 7 நாள் முந்தி எடுக்கணும். 28 நாளுக்கு வர்றவங்களுக்கு அது 21-ம் நாள்ல விழும், அதுல இருந்து தான் இதுக்கு "21-ம் நாள் டெஸ்ட்"னு பேரே வந்துச்சு, பேரு வந்ததோட காரணத்த மறந்துட்டாங்க. நீங்க ரத்தம் குடுத்த மாசம் உங்களுக்கு 33 நாள் ஓடியிருக்கு. முட்டை 19 வாக்குல, ரத்தம் 21-ல. ரெண்டே நாள். இட்லி சட்டிய அடுப்புல வச்ச உடனே தொறந்து பாத்துட்டு வேகலன்னு சொன்ன கதை தான். 26-ம் நாள் வாக்குல எடுத்திருந்தா அந்த நம்பருக்கு ஒரு அர்த்தம் இருக்கும். 3-க்கு மேல இருந்தா முட்டை வந்திருக்குன்னு அர்த்தம்.

அதுக்காக உங்களுக்கு கண்டிப்பா அந்த மாசம் முட்டை வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது, லெட்டர பாத்து யாராலயும் முடியாது. ஆனா 27-க்கும் 33-க்கும் நடுவுல மாசா மாசம் வருது, வர்றதுக்கு முந்தி மாரு வலிக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, இப்படி வர்றவங்கள்ல ரொம்ப பேருக்கு முட்டை வந்துட்டு தான் இருக்கும். அந்த 1.4-அ வச்சு இல்லன்னு முடிவு கட்டுனது தப்பு. திரும்ப எடுக்கணும்னா சரியான நாள்ல எடுக்கலாம், அது எந்த நாள்னு கீழ சொல்றேன். எந்த டெஸ்ட் எடுத்தாலும் சீட்டுல அன்னைக்கு பீரியட்ஸ் எத்தனாவது நாள்னு எழுத சொல்லுங்க, ரிப்போர்ட்ட கையில கேட்டு வாங்குங்க, அது உங்க ரத்தம், கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

த்வே-ஸே, முட்டை மாத்திரை, தள்ளிப்போடுற மாத்திரை

த்வே-ஸே பத்தி இங்க இருக்கிற நமக்கு சொல்லியா தெரியணும், எந்த கடைல கேட்டாலும் கிடைக்கும், பர்மா வீட்டுல தலைமுறையா குடிக்கிறாங்க, அந்த அம்மா நல்ல மனசோட தான் குடுத்திருக்காங்க. பிரச்சன எங்கன்னா, நாள் தள்ளுனா வரவைக்கிறதுக்குன்னு தான் நிறைய பேரு இத குடிக்கிறது. நீங்க குழந்தைக்கு காத்திருக்கீங்க. உங்களுக்கு நாள் தள்ளுனா அதுக்கு காரணம் நீங்க ஒம்பது மாசமா வேண்டிக்கிட்டு இருக்கிறதாவே இருக்கலாம், அப்போ போயி வரவைக்கிற மருந்த குடிக்கலாமா? பாட்டிலுக்கு பாட்டில் சரக்கு வேற வேற, கர்ப்பத்துல அது என்ன பண்ணும்னு முறையா சோதிச்சு பாத்தது கிடையாது. அதனால வேண்டாம், ஒரு மூடி கூட.

முட்டை மாத்திரை, அதாவது க்ளோமிஃபீன். முட்டை வராதவங்களுக்கு அது நல்ல மருந்து, நானே எழுதுறேன். தானா முட்டை வர்றவங்களுக்கு அத குடுத்து பெருசா லாபம் இல்ல, காரணம் தெரியாம குழந்தை தள்ளிப்போறவங்களுக்கு இத குடுக்காதீங்கன்னே பிரிட்டன்ல டாக்டர்களுக்கு வழிகாட்டி எழுதுற நைஸ்ங்கற அமைப்போட வழிகாட்டில 2013-லயே எழுதியிருக்கு. இரட்டைப் புள்ள ஆகுற வாய்ப்பு கூடும், சில பேருக்கு கர்ப்பப்பை உள்சதைய மெலிய வச்சிரும், ஓவரி வீங்குற ஆபத்தும் உண்டு, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே குடுக்க வேண்டிய மருந்து இது. அந்த சீட்ட பத்திரமா வைங்க, இப்போதைக்கு கடைக்கு கொண்டு போக வேண்டாம்.

தள்ளிப்போடுற மாத்திரை போட்டதுல பாவமும் இல்ல கெடுதலும் இல்ல, எப்படியும் அந்த மாசம் அவரு வீட்டுக்கே வரல. ஆனா குழந்தைக்கு முயற்சி பண்ற வரைக்கும் இனிமே வேண்டாம், முழுகாம இருக்கிறது தெரியாம அத போட்டுட்டா வீண் குழப்பம். அடுத்த தீமிதிக்கு நாள் குறுக்க வந்தா அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா.

"ரத்தம் கம்மி அதான் தள்ளுது"ங்கறதுக்கு வர்றேன். உங்க நாள் ஆடுறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா வேற ஒரு காரணத்துக்காக ரத்தத்த பாக்கணும், இத நான் குழந்தைக்கு ஆசைப்படுற எல்லாருக்கும் சொல்றது. பர்மால ஹீமோகுளோபின் ஈ, தலசீமியான்னு பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறு ரெண்டும் நிறைய. சுமக்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, லேசா ரத்தம் கம்மின்னு மட்டும் காட்டும், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சுமந்தா தான் குழந்தைய தாக்கும். முழு ரத்த டெஸ்ட்டோட ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரசிஸ்னு ஒரு டெஸ்ட்டும் ஒரு தடவை எடுத்து பாத்துட்டா போதும், ஆயுசுக்கும் அது தான். அதோட ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினம் ஒண்ணு, இன்னைக்கே ஆரம்பிங்க, கர்ப்பம் நின்னு மூணு மாசம் வரைக்கும் போடணும். சுகர் இருக்கவங்களுக்கும் வலிப்பு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் டோஸ் கூட, அத டாக்டர் தான் சொல்லணும், உங்களுக்கு ரெண்டும் இல்லன்னு எழுதியிருக்கீங்க.

இனிமே எப்படி பண்ணலாம்

ஆப்ப தூக்கிப்போட வேண்டாம், தேதி குறிக்க மட்டும் வச்சுக்கோங்க, பூ படத்த நம்பாதீங்க. உங்க கம்மியான மாசம் 27, கூடுன மாசம் 33, அப்போ முட்டை வர வாய்ப்புள்ள நாள் 13-ல இருந்து 19. விந்தணு அஞ்சு நாள் இருக்கும்ங்கறதால அஞ்ச கழிச்சுக்கோங்க, 8-ம் நாள்ல ஆரம்பிச்சு 20-ம் நாள் வரைக்கும் உங்களுக்கு வாய்ப்புள்ள நாள். இந்த ரெண்டு வாரத்துக்குள்ள அவரு வீட்டுல இருக்கிற ராத்திரி எதையும் வீணாக்க வேண்டாம், அவ்வளவு தான் கணக்கு. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவைன்னா தாராளம். வாரத்துக்கு மூணு ராத்திரி லாரி வீட்டுக்கு வந்தா ஏறக்குறைய அது தானே வருது? சேத்து வைக்கிற வேலைய விட்டுருங்க, ரொம்ப நாள் ஒதுங்கி இருந்தா அணுவோட தரம் தான் குறையும்.

இன்னும் துல்லியமா வேணும்னா எல்எச் ஸ்டிரிப் வாங்கலாம், மூத்திரத்துல எல்எச்-ங்கற ஹார்மோன பாக்குற பட்டை அது. முட்டை வர்றதுக்கு ஒரு ஒன்றரை நாள் முந்தி அந்த ஹார்மோன் குபீர்னு ஏறும், ஸ்டிரிப் அத காட்டும். நீங்க 10-ம் நாள்ல இருந்து தினம் பாருங்க. காலைல முதல் மூத்திரம் வேண்டாம், மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் பாருங்க, அதுக்கு முந்தி ரெண்டு மணி நேரம் தண்ணிய கம்மியா குடிங்க. ரெண்டாவது கோடு முதல் கோடு அளவுக்கு கருப்பா வந்தா தான் கணக்கு, மங்கலா தெரியுறது கணக்குல இல்ல. பகல் வெளிச்சத்துல, ஜன்னல் பக்கத்துல வச்சு பாருங்க, கரண்ட் இல்லாதப்போ போன் லைட்ட அடிச்சு பாத்துட்டு "கோடு வந்திருச்சு சயாமா"ன்னு ஓடி வந்தவங்க எங்கிட்ட நாலஞ்சு பேரு. ஸ்டிரிப்புக்கு காசு செலவு பண்ண வேண்டாம்னா உடம்பே சொல்லும், அந்த நாள் நெருங்கும்போது வெள்ளைப்படுறது முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுன்னு இழுத்தா நீளும், அது தெரிஞ்சா அன்னைக்கும் அடுத்த ரெண்டு நாளும் முக்கியம்.

ஸ்டிரிப் கருத்த நாள்ல இருந்து எட்டாவது நாள் போயி புரோஜெஸ்டிரோன் எடுங்க. மேல சொன்ன சரியான நாள் அது தான்.

"நாலு நாள் தள்ளிருச்சுன்னு ஆசையா இருந்தேன், அஞ்சாவது நாள் தீட்டாயிட்டேன், குளிக்கிற ரூம்லயே உக்காந்து அழுதேன்"னு எழுதியிருந்தீங்க. அந்த நாலு நாள் தள்ளல தங்கச்சி. ஆப் 28-ன்னு நினைச்சுக்கிட்டு உங்கள லேட்டுன்னு சொல்லியிருக்கு. அந்த மாசம் முட்டை தாமதமா வந்திருக்கு, அதனால பீரியட்ஸும் அதுக்கு ஏத்த நாள்ல தான் வந்திருக்கு. இனிமே உங்களுக்கு லேட்டுன்னா 33 தாண்டுனா தான். ஸ்டிரிப் வச்சு பாத்தா கருத்த நாள்ல இருந்து 16 நாள் தாண்டுனா.

எப்போ சும்மா இருக்கக்கூடாது

இதெல்லாம் உங்களுக்கு இருக்கிறதா லெட்டர்ல இல்ல, ஆனா இத படிக்கிற மத்தவங்களுக்காக எழுதுறேன். தொடர்ந்து 24 நாளுக்கு உள்ளயோ 38-க்கு மேலயோ வந்தா, மாசத்துக்கு மாசம் பத்து பதினஞ்சு நாள் ஆடுனா, மூணு மாசம் வராமலே போனா, ரத்தம் எட்டு நாளுக்கு மேல போனா, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைஞ்சா, நடு நடுவுல பட்டா, சேந்தப்புறம் ரத்தம் வந்தா, எழுந்திரிக்க முடியாத வலி இருந்தா, டாக்டர பாருங்க. மொகத்துல தாடி மீசை மாதிரி முடி, திடீர்னு எடை, பரு இதோட நாளும் தள்ளுனா அது பிசிஓஎஸ்ஸா, அதாவது ஹார்மோன் கோளாறால முட்டை ஒழுங்கா வராம போறதா இருக்கலாம். புள்ள பெறாமலே மார்ல பால் கசிஞ்சா புரோலாக்டின்னு பால் சுரக்க வைக்கிற ஹார்மோன பாக்கணும். தைராய்டு கோளாறும் நாள ஆட்டும், டிஎஸ்எச்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிரும்.

35 வயசுக்கு கம்மின்னா ஒரு வருஷம் ஒழுங்கா முயற்சி பண்ணிட்டு வாங்கன்னு சொல்றது வழக்கம், 35 தாண்டிட்டா 6 மாசம், 40-ன்னா காத்திருக்கவே வேண்டாம். ஒரு வருஷத்துல 100-ல 80-க்கு மேல ஜோடிக்கு நின்னுரும், மீதி உள்ளவங்கள்ல பாதி பேருக்கு அடுத்த வருஷம். எல்லாம் நல்லா இருந்து சரியான நாள்ல சேந்தாலும் ஒரு மாசத்துக்கு நாலுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு தான் வாய்ப்பு. உங்களுக்கு காலண்டர்படி இன்னும் 3 மாசம் பாக்கி, நான் இன்னும் ஒரு ஆறு மாசம் மேல சொன்ன மாதிரி முயற்சி பண்ணுங்கன்னு சொல்லுவேன். வருஷம் முடிஞ்ச உடனே பாக்கணும்னு தோணுனா அதுவும் தப்பு இல்ல, உங்க மனசு தாங்குறத பொறுத்தது.

வீட்டுக்காரரோட டெஸ்ட்

சின்ன எழுத்துல கேட்டீங்க, நான் பெருசா பதில் சொல்றேன். எடுக்கணும். குழந்தை தள்ளிப்போற ஜோடிகள்ல ஏறக்குறைய பாதில ஆம்பள பக்கமும் ஒரு காரணம் இருக்கு, தனியாவோ சேத்தோ. உங்களுக்கு ரத்தம், ஸ்கேன், மாத்திரைன்னு ஆரம்பிக்கிறதுக்கு முந்தி செய்ய வேண்டிய ரொம்ப லேசான டெஸ்ட் அது தான், ஊசி கூட கிடையாது. ரெண்டு நாளுக்கு குறையாம ஏழு நாளுக்கு மிஞ்சாம ஒதுங்கி இருந்துட்டு குடுக்கணும், ஒரு மணி நேரத்துக்குள்ள லேபுக்கு போகணும், பெகுல எடுத்து ரங்கூனுக்கு பஸ்ல அனுப்புற வேலை எல்லாம் வேண்டாம், லாரி ரங்கூன்ல நிக்கிற நாள் பாத்து அவரே போயி குடுத்துட்டு வரலாம். ஒரு ரிப்போர்ட் சரியில்லன்னா பதற வேண்டாம், இன்னொரு தடவை எடுத்து பாத்துட்டு தான் பேசணும்.

மாமியாருக்கு இது தெரியணும்னு என்ன அவசியம்? இது புருஷன் பொண்டாட்டி விஷயம். அவர்கிட்டயும் "உங்க மேல சந்தேகம்"ங்கற மாதிரி போகாதீங்க, "ரெண்டு பேருக்கும் எழுதியிருக்காங்க, தலசீமியா ரத்தம் குடுக்கப் போறப்போ இதையும் குடுத்துட்டு வந்துரலாம்"னு ஒரே மூச்சுல சொல்லிருங்க, நான் தான் எழுதுனேன்னு என் மேல பழிய போடுங்க. ராத்திரி தூக்கம் வராம இருக்க சிகரெட்டும் புகையில போட்ட குன்யாவும் (வெத்தல பாக்கு) ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க, புகையிலை அணுவ கெடுக்கும், இன்னைக்கு நிறுத்துனா புது அணு உருவாகி வர ஏறக்குறைய மூணு மாசம் ஆகும். அதனால அந்த பேச்ச இந்த வாரமே ஆரம்பிக்கணும், அவரு வீட்டுல இருக்கிற ராத்திரியா பாத்து, சாப்பிட்டு முடிச்சப்புறம்.

அடுத்த பீரியட்ஸ் வந்த அன்னைக்கு நோட்டுல 1-ன்னு போட்டு ஆரம்பிங்க. 8-ல இருந்து 20 வரை ஒரு கட்டம் கட்டிக்கோங்க, அவரு வீட்டுல இருந்த நாள சுழிச்சு வைங்க, ஸ்டிரிப் கருத்த நாளுக்கு ஒரு நட்சத்திரம். 35-ம் நாள் காலைலயும் வரலன்னா அன்னைக்கு முதல் மூத்திரத்துல கர்ப்ப டெஸ்ட் பாருங்க, இல்லன்னு காட்டி பீரியட்ஸும் வரலன்னா மூணு நாள் விட்டு இன்னொரு தடவை. மூணு மாசம் இப்படி குறிச்சுட்டு அந்த பக்கங்கள எனக்கு அனுப்புங்க, இந்த தடவை போட்டோவ பகல்ல எடுங்க.